சலூன்காரர் சொன்னாராம்

அந்தக் கட்டடத்தில் கீழே சலூன், மேலே பல் டாக்டர், நடுவில் இவர். பல் டாக்டர் சிரித்துக்கொண்டே பல்லைப் பிடுங்குவார். இவர் சிடுசிடுத்துக்கொண்டே காய்ச்சலை இறக்குவார். ஆகவே ஊர் இவருக்குச் சிடுமூஞ்சி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இரண்டே அறை, ஒரு ஆடுகிற நாற்காலி, டோக்கன் கொடுக்கச் சீட்டு அக்கா. இவர் இடத்தில் வேறு யாராவது இருந்தால் மூஞ்சி இன்னும் மோசமாகியிருக்கும்.

அன்றைக்கு அவர் விடைபெறும் மனநிலையில் இருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் இவருக்கு மைத்துனர் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். ஊரார் வியாதிக் காகிதங்களைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியது, ஐந்து மணிக்கு வீடு. யாரும் முகத்தில் தும்மமாட்டார்கள். பகல் இரண்டு மணிக்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும். மனைவி காலையிலேயே இரண்டு தடவை ஞாபகப்படுத்தியிருந்தாள்.

பதினொன்றரைக்கு பஸ் டிரைவர் வந்தார். ஒன்பது வருஷமாக ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர். மாத்திரையை நினைத்தால் போடுவார், ஊறுகாயை நினைக்காமலே போட்டுக்கொள்வார். டாக்டர் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு கையில் பார்த்தார். நூற்றிமுப்பதுக்கு எண்பது.

"என்னப்பா பண்ணீங்க?"

"ஒரு பெரிய விஷயம் கத்துக்கிட்டேன் டாக்டர். ஊறுகாயை விட்டுட்டு, மாத்திரையை ஒரு நாள் தவறாம போட்டா பிரஷர் இறங்கிடுமாம்."

"யாரு சொன்னது?"

"நம்ம கீழ சலூன்காரர். விஷயம் தெரிஞ்ச மனுஷன். நீங்களும் இதை நாலு பேருக்குச் சொல்லலாமே, புண்ணியமாப் போகும்."

டாக்டருக்கு வந்த கோபத்தில் நாற்காலி தானாக ஆடியது. ஒன்பது வருஷம் கரடியாகக் கத்தியிருக்கிறார், நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார். பெயரைத் தட்டிக்கொண்டு போனது கத்திரிக்கோல்! சரி, இனிமேல் அவரே வைத்தியமும் பார்க்கட்டும். நமக்குக் காகிதம் போதும்.

பகல் ஒரு மணிக்கு நோயாளிகள் ஓய்ந்ததும் விடுவிடுவென்று படியிறங்கினார். சலூனில் வேறு ஆள் இல்லை. வாய் திறப்பதற்குள் சலூன்காரர் அவரை உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டார். துணி கட்டிய பிறகு சண்டை போடுவது சிரமம்.

"டிரைவருக்கு வைத்தியம் பார்த்தீங்களாமே?"

"ஐயோ, நான் எங்க பார்த்தேன்? நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்." சலூன்காரர் சீப்பால் கண்ணாடியின் மூலையைக் காட்டினார். அங்கே பழுப்பேறிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. டாக்டரின் சொந்தக் கிறுக்கல். "எங்க அண்ணனுக்குக் கை கால் விழுந்தப்போ எனக்கும் பிரஷர் பார்த்து நீங்க எழுதிக் கொடுத்தது. ஒரு எழுத்து படிக்க முடியலை. ஆனா அன்னைக்கு நீங்க என்னைத் திட்டின திட்டு அப்படியே மனசுல இருக்கு. இங்க வர்ற எல்லார்கிட்டயும் அதையே சொல்வேன். உங்க ரூம்ல எழுந்து ஓடிடலாம் சார். பாதி வெட்டின தலையோட எங்க ஓடுவாங்க?"

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"டிரைவர், தபால்காரர், லாண்டரிக்காரர், அவர் மாமனார்... கணக்கா வெச்சிருக்கேன்?"

தபால்காரரும் லாண்டரிக்காரரும் இவருடைய நோயாளிகள்தான். இருவருக்கும் போன மாதம் அழுத்தம் இறங்கியிருந்தது. தாம் மாற்றிக் கொடுத்த மாத்திரையின் மகிமை என்று நினைத்திருந்தார். இப்போது டாக்டருக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். அதை மறைக்க முகத்தை மேலும் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டார்.

சலூன்காரர் கத்திரிக்கோலை நிறுத்தினார். "சார், நெத்தியில நரம்பு துடிக்குது. நீங்க கடைசியா எப்போ பிரஷர் பாத்தீங்க?"

டாக்டருக்கு எழுந்து ஓடத் தோன்றியது. பாதி வெட்டின தலையோடு எங்கே ஓடுவது?

மேலே போனதும் சீட்டு அக்கா பட்டையைச் சுற்றினாள். நூற்றி அறுபதுக்குத் தொண்ணூற்றாறு. "யாராவது நோயாளியா இருந்தா இந்நேரம் கிழிச்சிருப்பீங்க" என்றாள். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவர் மைத்துனருக்குப் போன் போட்டார்.

பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவர், ஊறுகாய் பாட்டிலைத் தள்ளி வைத்தார்.

"என்னங்க இது அதிசயம்?"

"பிரஷர் இருக்கு. ஊறுகாய் கூடாதாம். கீழ சலூன்காரர் சொன்னார்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "மூணு வருஷமா நான் இதைத்தானே தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றேன்! என் பேச்சு ஏறலை, அவர் சொன்னதும் ஏறிடுச்சா?"

காலையில் தான் அடைந்த கோபத்தை அச்சு அசலாக எதிரே பார்த்ததும், பல வருஷத்தில் முதல்முறையாக டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் பயந்தே போனாள்.

"சரி, அண்ணன்கிட்ட வேலைக்கு என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவள் கரண்டியை மறுபடி எடுத்தாள். "அதுவும் சலூன்காரர் சொன்னதுதானா?"

"ஆமாம்மா. ஆனா சொன்னது அவருக்கே தெரியாது."