பெண் பார்க்க வந்த அன்று பேய்க்காற்று

ஆண்டிபட்டியில் எங்கள் வீட்டுக்கு எதிரே பெரிய தரிசு நிலம். வைகாசி வெயிலில் தினம் இரண்டு சுழல்காற்றாவது அங்கிருந்து எழும்பும். ஊரில் அதற்குப் பேய்க்காற்று என்று பெயர். செருப்பைக் கழற்றி எறிந்தால் உள்ளே இருக்கும் பேய் ஓடிவிடுமாம். பள்ளியில் புவியியல் நடத்திய எனக்கு இதைக் கேட்டாலே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஊருக்கு செல்போன் டவர் வந்த வருடம், பண்ணைப்புரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் சகுனத்தில் தட்டிப்போயிருந்தன. அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் இந்த மாப்பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போய்விடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் காபித் தட்டோடு வெளியே வரவும், தரிசிலிருந்து பேய்க்காற்று நேராக வாசலுக்குள் நுழைந்தது. சருகும் புழுதியும் மாப்பிள்ளையின் அம்மா கட்டியிருந்த பட்டுச்சேலையில் அப்பின. மாப்பிள்ளையின் தாய்மாமன் குதித்து எழுந்தார்.

“மாப்ள, செருப்பக் கழத்தி எறிங்க!”

பாலிடெக்னிக் படித்த மனிதர் மறுபேச்சில்லாமல் ஒரு செருப்பைக் கழற்றி எறிந்தார். காற்று எங்களைக் கடந்து போய்விட்டது.

“டி.வி.யில காட்டுனாகல்ல, அமெரிக்காவுல ஊரையே சுருட்டிட்டுப் போச்சே டொர்னேடோ, அதேதான் இது. மொத நாளே இப்படின்னா வெளங்குமா? கெளம்புங்க” என்றார் மாமன்.

பெண் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது.

“டொர்னேடோ இடிமேகத்துல இருந்து கீழ எறங்கும்ங்க. வீட்டையே பேத்துரும். இது சூடான தரையில இருந்து மேல எந்திரிக்கிறது. இதுக்கு மேகமே வேணாம். அண்ணாந்து பாருங்க.”

அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

“தூசி, தாளு, சருகு. இம்புட்டுத்தான் இதால தூக்க முடியும்” என்று பாடத்தை முடித்தேன்.

மாப்பிள்ளை ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். மற்றதை எல்லோரும் தேடினார்கள். அது என் காலடியில், கோழிக் கூடையை ஒட்டிக் கிடந்தது. கிடைத்தால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் அதைக் காலாலேயே கூடைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். நிமிர்ந்தால், மாப்பிள்ளை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“தூசியத்தான் தூக்கும்னியே ஆத்தா, அப்ப செருப்பு எங்க போச்சு?” மாமன் விடவில்லை.

“சில நேரம் செருப்பையும் தூக்கும்ங்க” என்றேன். ஐந்து வருடம் படித்த புவியியலை ஒரே வரியில் காற்றில் விட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

“ஆமா மாமா, நானே பாத்தேன். காத்துதான் தூக்கிட்டுப் போச்சு” என்றார் மாப்பிள்ளை. பிறகு காலில் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.