இனிஷியல் இல்லாத பெயர்

எம்.சி.ஏ. கடைசி வருட புராஜெக்டில் நாங்கள் இரண்டு பேர். மூலக்குளத்திலிருந்து சைக்கிளில் வருகிற அவள் புரோகிராம் எழுத வேண்டும். அது சரியானதுதான் என்று நான் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அடுக்கும் சாதாரண புரோகிராம்தான். மில் மூடியதில் வேலை போன அப்பாவுக்கு அவள் மூத்த மகள். முதல் வகுப்பு வந்தால்தான் சென்னைக் கம்பெனி அவளை எடுத்துக்கொள்ளும்.

அவள் எழுதியதை அப்படியே நிரூபிக்க எனக்கு ஆயுசு போதாது. அதற்கு ஒரு வழி உண்டு. புரோகிராம் செய்கிற வேலை மாறாமல் அதைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சும் சின்ன வடிவத்தை நிரூபித்தால் போதும். ஒவ்வொரு படியிலும் வேலை மாறவில்லை என்று மட்டும் காட்ட வேண்டும். ஆறாவது படியில் மாட்டிக்கொண்டேன். இனிஷியல் இல்லாத பெயர்களுக்கென்று அவள் பத்துப் பன்னிரண்டு வரி தனியாக எழுதியிருந்தாள். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று எரிந்து விழுந்தேன்.

"எங்க தெருவுல சொல்தா வூடுங்க இருக்கு. அவங்க யாரும் இனிஷியல் போட மாட்டாங்க" என்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

தலையை ஆட்டிவிட்டு, அந்த வரிகளைத் தூக்கிவிட்டேன். நிரூபணம் மளமளவென்று முடிந்தது. 'வேலை மாறவில்லை' என்று கை கூசாமல் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று என் ஃபிளாப்பியிலிருந்து நான் ஏற்றியது அந்தச் சின்ன வடிவத்தை. அவளோ தன்னுடையதுதான் ஓடுகிறது என்று நினைத்தாள். வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர், பட்டியலில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். பிரெஞ்சுப் பாணியில் பெயரும் குடும்பப் பெயருமாக இரண்டு சொல், இனிஷியல் இல்லை. எல்லார் பெயரும் வந்தது, அவர் பெயர் வரவில்லை. யார் எழுதிய புரோகிராம் என்று கேட்டார்.

"நாந்தான் சார்" என்று அவள் எழுந்து நின்றாள்.

நான் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. இப்போது நினைத்தாலும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. நிரூபணம் சுத்தமாக இருக்கிறது, புரோகிராம்தான் சொதப்பல் என்று சொல்லி அவர் அவளுக்கு மட்டும் மதிப்பெண்ணை வெட்டினார். முதல் வகுப்பு போயிற்று.

வெளியே வந்ததும் அவள் சைக்கிள் பூட்டைத் திறக்காமல் நின்றாள்.

"அந்த இனிஷியல் வரில நாந்தான் எதோ தப்பு பண்ணிட்டேன் போல. நீ ஒவ்வொரு படியா சரி பாத்துதான குடுத்த. உன் பேரையும் கெடுக்கப் பாத்தேன்" என்றாள்.

பரவாயில்லை, விடு என்றேன்.