மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் போனவர்கள்

தாட்சாயிணி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மேனாம்பேட்டில்தான். அப்பா ஊரார் வயலில் கூலி வேலை செய்தவர். மகள் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அண்ணன்மாருக்கெல்லாம் வீட்டில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். அவளுக்கு வாங்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

எங்கள் தெரு மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை ஏதோ தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்து பேசினாள். பழைய குழல்விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி போடுங்கள், டிவியை ரிமோட்டில் அணைக்காமல் சுவிட்சில் அணையுங்கள், பக்கத்தில் இருக்கிற வேலைக்குப் போக எதற்குப் பெட்ரோல் புகை, சைக்கிளில் போங்கள் என்றாள். விளக்கு விஷயத்தைத் தெரு உடனே பிடித்துக்கொண்டது. சைக்கிள் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். புடவையோடு எப்படி ஏறுவது, விழுந்தால் யார் தூக்குவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

தாட்சாயிணி சிரிக்கவில்லை. தினமும் காலையில் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போய், முன்னால் போகிற லாரியின் புகையை விழுங்கி, கம்பெனி வாசலில் இறங்கும்போது மூச்சு இழுக்கும் அவளுக்கு. வீட்டுக்கு வந்ததும் புருஷன் கன்னியப்பனிடம் கேட்டாள்.

"நான் சைக்கிள் கத்துக்கட்டா?"

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"வுயுந்து கால ஒட்ச்சிக்கினா யாரு பாக்கறது?" என்றான் அவன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காயலான் கடையிலிருந்து ஒரு பழைய லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ட்யூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பள்ளிக்கூட மைதானத்துக்கு அவளைக் கூட்டிப்போய் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடினான். முழங்கை சிராய்த்தது, முட்டி வீங்கியது. ஒரு நாள் காலை, எதிர்ச் சுவர்வரை போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கன்னியப்பன் மைதானத்தின் நடுவிலேயே நின்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று. அவள் அழுதுவிட்டாள்.

அவள் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்த வாரத்திலேயே எதிர்வீட்டுக் கமலம் வந்து நின்றாள். கமலமும் எஸ்டேட்டில்தான், பேக்கிங் வேலை. அவள் சிரித்தால் தெருமுனைவரை கேட்கும்.

"எனக்கும் கத்துக் குடு யக்கா."

"உன் ஊட்டுக்காரரு ஆட்டோ கீதே, உனுக்கு இன்னாத்துக்கு?"

"அந்தாளு ஆட்டோவா? வழில எவனாச்சும் கை காட்னா என்ன எறக்கி வுட்டுட்டு அவன ஏத்திக்குது. பின்னாடி வர்ற ஆட்டோல வான்னுது. கட்ன பொண்டாட்டி நானு!"

கமலத்தின் புருஷன் உதயகுமார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் சும்மா விடுவார்களா? "இன்னா மாமே, உன் சம்சாரமே உன் வண்டில ஏற மாட்டேங்குது" என்று ஆளாளுக்குக் கிண்டலடித்தார்கள். அவன் முறைத்துக்கொண்டு திரிந்தான். ஆனால் முதல் நாள் கமலம் ஸ்டாண்டைத் தாண்டும்போது விடாமல் மணி அடித்துக்கொண்டு, தலையை நேராக வைத்துக்கொண்டு போன போக்கைப் பார்த்து அவனே சிரித்துவிட்டான்.

பிறகு அதே தெருவில் இருக்கிற திவ்யா வந்தாள், அவள் நாத்தனார் வந்தாள், பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள். காலையில் டிபன் டப்பாவைக் கூடையில் போட்டுக்கொண்டு ஒரு வரிசையாகப் போவார்கள். சாயங்காலம் வரும் வழியில் நின்று கீரை வாங்குவார்கள். யாருக்கும் காத்திருக்காமல், யாரையும் கேட்காமல் போய்வர முடிகிறது என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை கமலம், பக்கத்தில் மிதித்துக்கொண்டே தாட்சாயிணியிடம் ரகசியம்போலச் சொன்னாள்.

"நேத்து கொரட்டூர் வரிக்கும் தனியா போய்க்கினு வந்தேன் யக்கா."

"யாரப் பாக்க?"

"யாரையும் இல்ல. சும்மா போனேன். ஒரு ஜூஸ் குட்ச்சேன். வந்துட்டேன்."

அந்த வருஷம் மழைநீர் கால்வாய்க்காக எஸ்டேட் போகிற சாலையின் ஓரத்தைத் தோண்டினார்கள். வேலை பாதியில் நின்றது. திருப்பத்தில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஜல்லி குவிந்து கிடந்தது. தோண்டும்போது கேபிள் அறுந்ததோ என்னவோ, அந்த இடத்துத் தெருவிளக்கும் எரியவில்லை. குவியலைச் சுற்றிப்போக வேண்டுமென்றால் நடுரோட்டுக்கு வரவேண்டும். பின்னால் தண்ணி லாரிகள் வந்துகொண்டே இருக்கும். தாட்சாயிணி அவ்வப்போது அங்கே வந்து பார்க்கிற கால்வாய் மேஸ்திரியிடம் எத்தனையோ தடவை சொன்னாள். "எடுத்துடுவோம்மா, போங்க" என்பான் அவன். மாதங்கள் போயின.

மார்கழியில் ஒரு நாள் காலை பனி அதிகமாக இருந்தது. கமலம் முன்னால் போனாள், தாட்சாயிணி அவளுக்குப் பின்னால். கமலத்தின் மகள் தீபிகாவுக்கு அரைப்பரீட்சையில் நல்ல மார்க் வந்திருந்தது. கமலம் அதைத்தான் தலையைத் திருப்பாமலேயே உரக்கச் சொல்லிக்கொண்டு போனாள். திருப்பத்தில் ஜல்லியைச் சுற்ற வலதுபக்கம் ஒடித்தாள். முன்சக்கரம் சிதறிக்கிடந்த ஜல்லியில் ஏறிச் சறுக்கியது. பின்னாலிருந்து தாட்சாயிணியைக் கடந்து போன தண்ணி லாரி பிரேக் போட்ட சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. ஆம்புலன்ஸில் கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் தாட்சாயிணிதான். கை சூடாகத்தான் இருந்தது. அதனால் கடைசிவரை அவள் நம்பவில்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உதயகுமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாட்சாயிணியிடம்தான் வந்தான்.

"நீதான ஏத்தி வுட்ட! என் வண்டில வந்திருந்தா என் பக்கத்துல இருந்திருப்பா இல்ல? உன்ன யாரு கேட்டா? உன்ன யாரு கேட்டா சொல்லு!"

கன்னியப்பன் அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். அவள் காரியத்துக்கும் போகவில்லை. தன் வீட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிர்வீட்டில் பந்தல் போடுவதையும் பிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபிகா வாசலில் அம்மாவின் புடவைகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி குனிந்து மடித்தாள்.

போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது தாட்சாயிணி ஜல்லியைப் பற்றிச் சொன்னாள். "எந்த ஜல்லிம்மா?" என்றார் அவர். அவரைக் கூட்டிக்கொண்டு திருப்பத்துக்குப் போனாள். அங்கே ஒன்றும் இல்லை. ரோடு பெருக்கிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கமலம் செத்த அன்று சாயங்காலமே டிப்பர் லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. மாதக்கணக்காகக் கேட்டும் நகராதது ஒரே பொழுதில் போய்விட்டது. அவள் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். சைக்கிளில் வந்தவர் கவனக்குறைவால் தானாக நிலைதடுமாறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

அதோடு அந்த வரிசை நின்றது. திவ்யாவும் மற்றவர்களும் ஷேர் ஆட்டோவுக்குத் திரும்பினார்கள். யாரும் தாட்சாயிணியை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று கன்னியப்பனிடம் ஒருமுறை அவள் சொன்னாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினான். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தாள், ஒரு காலைப் பெடலில் வைத்தாள். இன்னொரு கால் தரையை விட்டு எழவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வேலைக்கு நடந்துதான் போனாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அந்தத் தொண்டு நிறுவனப் பெண் மறுபடி வந்தாள். வார்டு கூட்டம் ஒன்று நடக்கப்போகிறது, அதிகாரிகள் வருகிறார்கள், மின்சாரத்தைச் சேமிப்போம், சைக்கிளில் செல்வோம் என்று ஒரு பேரணிக்கு அன்றைக்கு அறிவிப்பு செய்யப்போகிறார்கள், பேரணியின் முன்னால் தாட்சாயிணிதான் போகவேண்டும் என்றாள். கையில் பச்சைத் தொப்பிகள் வைத்திருந்தாள். கமலம் போன விஷயம் அவளுக்குத் தெரியாது. தாட்சாயிணி சொன்னபோது பாவம், அந்தப் பெண் தொப்பிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கூட்டத்துக்கு வர்றேன்" என்றாள் தாட்சாயிணி. "தொப்பி வாணாம்."

சமுதாயக் கூடத்தில் கூட்டம். மேடையில் இருந்தவர்கள் பேசி முடித்ததும் அவள் எழுந்தாள். மைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொள்ளவில்லை.

"சைக்கிள்ல போங்கோன்றீங்க. போனோம். எஸ்டேட்டு திருப்பத்துல இன்னிக்கும் லைட்டு எரியல. காலைல நாங்க வேலைக்குப் போற நேரத்துல லாரி வுடாதீங்கோ. அந்த ரெண்டுத்த மொதல்ல செய்யிங்கோ. அப்பறம் நானே எல்லாரையும் கூப்டுக்கினு வர்றேன்."

ஒரு அதிகாரி பொறுமையாகத்தான் பதில் சொன்னார். வருத்தமான சம்பவம்தான் என்றார். ஆனால் சைக்கிள் ஓட்டியவர் கவனக்குறைவாக விழுந்ததாகத்தான் பதிவாகி இருக்கிறது, அதற்கும் சாலைக்கும் சம்பந்தம் இல்லை என்றார்.

அப்போது கூடத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஜல்லி கெடந்துது சார்."

எல்லாரும் திரும்பினார்கள். உதயகுமார் காக்கிச் சட்டையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவன் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"நான் டெய்லி அத்த சுத்திக்கினுதான் வண்டி ஓட்னேன். எனுக்குத் தெரியும். என் வண்டிக்கு மூணு சக்கரம், வுயாது. அவ ரெண்டு சக்கரத்துல போனா. எடுக்கச் சொல்லி நான் ஒரு நாளும் கேக்கல சார். இந்த அக்காதான் கேட்டுக்கினே இருந்துது. என் பொண்டாட்டி நல்லா ஓட்டுவா சார். கவனம் இல்லேன்னு எய்திக்கினீங்களே, அத்த மாத்தி எய்துங்க."

அவ்வளவுதான் சொன்னான். யார் பதிலுக்கும் நிற்காமல் வெளியே போய்விட்டான். பேரணியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

எழுதியதை மாற்றவில்லை. ஆனால் திருப்பத்தில் விளக்கு எரிந்தது. வேகத்தடை போட்டார்கள். காலை நேரத்தில் கனரக வாகனங்கள் வரக்கூடாது என்று பலகை நட்டார்கள். போலீஸ்காரர் நின்ற சில வாரங்கள் லாரிகள் வரவில்லை. அவர் போனதும் திரும்ப வந்தன.

அதற்குப் பிறகு தாட்சாயிணி ஒரு காரியம் செய்தாள். தினமும் காலையில் வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பி, அந்தத் திருப்பத்தில் போய் நின்றாள். திவ்யாவிடம் மட்டும் சொன்னாள்: "நீங்க வாங்க. நான் அங்க கீறேன்." முதலில் திவ்யா மட்டும் வந்தாள், பயந்துகொண்டே. பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். முன்போல் அத்தனை பேர் இல்லை. அவர்கள் வருவது தெரிந்ததும் தாட்சாயிணி சாலையில் இறங்கி, லாரிகளுக்கு எதிரில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். சில டிரைவர்கள் திட்டுவார்கள். சிலர் ஹாரனை அழுத்திப் பிடிப்பார்கள். தூக்கிய கை இறங்காது. கடைசி சைக்கிளும் தாண்டிய பிறகு ஓரத்துக்கு வந்து, பையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு நடப்பாள்.

"நீ எப்போ யக்கா ஓட்டப் போற?" என்று திவ்யா ஒரு நாள் கேட்டாள்.

"தெர்ல" என்றாள் தாட்சாயிணி. "நீ போ, லேட்டாவுது."

உதயகுமாரும் அந்த வழியாகத்தான் ஆட்டோ ஓட்டுகிறான். கூட்டத்தன்று பேசியதோடு சரி, அவளிடம் நேராக ஒரு வார்த்தையும் இன்றுவரை பேசவில்லை. அவளும் பேசவில்லை. கமலத்தைப் பற்றி அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச என்ன இருக்கிறது? போன வாரம் நானும் அந்த ஆட்டோவில் இருந்தேன். திருப்பத்தில் சைக்கிள்கள் வரிசையாகத் தாண்டிக்கொண்டிருந்தன. தாட்சாயிணி கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். என் பக்கத்தில் இருந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹாரன் அடிப்பா, நகரட்டும்."

உதயகுமார் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினையே அணைத்தான்.

"போவட்டும் சார்" என்றான்.