தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்துக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். கேசட் போய் டி.வி.டி. வந்துவிட்ட காலம். போட்டி அதிகமாகிவிட்டது என்று என் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டாவது ஹார்ட் டிஸ்க், ஒரு டி.வி.டி. ரைட்டர் எல்லாம் மாட்டினேன். கார்டோடு சில விசேஷ எஃபெக்ட்டுகளும் கிடைத்தன. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரோஜாப்பூ எஃபெக்ட். நான்கு மூலையிலிருந்தும் இதழ்கள் சுழன்று வந்து திரையெங்கும் கொட்டும்.

அந்த எஃபெக்ட்டை முதன்முதலாக நெய்க்காரப்பட்டிக் கல்யாணம் ஒன்றில், தாலி கட்டும் இடத்தில் வைத்தேன். வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே படமாக எழுத கம்ப்யூட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எழுத எழுதத் திரையிலும் படம் ஓடும். ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுத்து, முதலிலிருந்து பூட் ஆகிக்கொண்டிருந்தது. அதுவரை எழுதியிருந்ததைப் பார்த்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அதோடு சரி.

வோல்டேஜ் கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதே இடம். வைரஸ் என்று நினைத்து வீடியோவைத் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றினேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தார், கம்ப்யூட்டர் அணைந்தது.

நான்காவது தடவை ஓடும்போது பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் டி.வி.டி. வாங்க வந்துவிட்டார்கள். அப்பா தென்னந்தோப்பு வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். செத்த நேரத்தில் முடிந்துவிடும் என்று உட்காரவைத்தேன். திரையில் கெட்டி மேளம் முழங்கியது. மாப்பிள்ளை குனிந்தார். ‘டப்’ என்று அணைந்தது.



“ஏனுங்க,” என்றார் அப்பா, “இது எப்பவும் இந்த எடத்துலதான் நிக்குதுங்களா?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் முகம் மாறியது. முகூர்த்தத்தில் தாலி கொஞ்சம் பிந்தித்தான் ஏறியதாம். ஐயர் அவசரப்படுத்தியும் மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன் வந்து சேரவில்லையாம். நல்ல நேரம் தாண்டிவிட்டதை அன்றைக்கே அக்கா சொன்னாராம், யாரும் கேட்கவில்லையாம். இப்போது மெஷினே சொல்லிவிட்டது. கம்ப்யூட்டரிலாவது தாலியை நல்ல நேரத்தில் கட்டிவிட வேண்டும் என்று முடிவாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பூசை நேரம் தவிர வேறு நேரம் பார்ப்பதில்லை. ஆனால் கல்யாண வீடியோக்காரன் எல்லார் நேரத்துக்கும் கட்டுப்பட்டவன். நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தோம். புதன்கிழமை ஒன்பதரையிலிருந்து பத்தரை நல்ல நேரம். ஓட ஆரம்பித்து எழுபதாவது நிமிஷத்தில் தாலி வரும். ஆகவே எட்டு ஐம்பதுக்கு நான் பட்டனை அழுத்த வேண்டும். புதன்கிழமை காலை இருவரும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அக்கா கீபோர்டுக்குக் குங்குமம் வைத்தார். சரியாகப் பத்து மணிக்கு, நல்ல நேரத்தின் நட்ட நடுவில், கம்ப்யூட்டர் அணைந்தது.

அக்கா எழுந்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிக்கொள்வதாகச் சொல்லி ஊருக்குக் கிளம்பினார்.  ஒரு நல்ல குடும்பத்தை என் கம்ப்யூட்டர் பிரித்துவிடும் போலிருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, அவரையும் கூட்டிக்கொண்டு, அதை எனக்கு அசெம்பிள் செய்து கொடுத்த பள்ளிக்கூடத்து நண்பனின் கடைக்குப் போனேன்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏலே, இம்புட்டையும் மாட்டுனியே, எஸ்.எம்.பி.எஸ். மாத்துனியா?” என்றான்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது பிளக்கிலிருந்து கரண்டை வாங்கி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் தகர டப்பா. அதை யார் நினைத்தார்கள்? என்னுடையதில் நானூற்றைம்பது வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைக் காட்டினேன். எழுதியிருப்பதை நம்பக் கூடாது, நல்ல சரக்கு என்றால் கனமாக இருக்கும் என்று சொல்லி மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தான்.

கனம் என்றதும் பெண்ணின் அப்பா முன்னால் வந்தார். அதுவரை நடந்ததில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். ஒவ்வொன்றையும் தேங்காய் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் ஏந்தி, காதருகே வைத்து ஆட்டி, விரலால் தட்டிப் பார்த்தார். கடைசியில் அறுநூறு வாட்ஸ் போட்ட ஒன்றை மேசையில் வைத்து, இதுதான் என்றார். கல் மாதிரி கனத்தது.

நண்பனுக்கு அந்தக் கனம் என்னவோ உறுத்தியது. நான்கு ஸ்குரூவையும் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு ஓரமாக, பசை போட்டு ஒட்டிய சிமெண்ட் கட்டி ஒன்று இருந்தது.

“கொப்பரை மூட்டையில கல்லுப் போடறவனப் பாத்திருக்கேனுங்க,” என்றார் அவர் மெதுவாக. “கரண்டுக்குள்ளயுமாங்க போடறாங்க?”

நண்பன் வெட்கப்பட்டுப்போனான். பிறகுதான் ஒழுங்காகக் கணக்குப் போட்டான். பிராசஸருக்கு இவ்வளவு, கார்டுக்கு இவ்வளவு, இரண்டு டிஸ்க், ரைட்டர், ஃபேன் என்று கூட்டினால் இருநூற்றைம்பது வாட்ஸுக்குள் அடங்கியது. அப்படியானால் என் நானூற்றைம்பது எங்கே போயிற்று? என் டப்பாவின் லேபிளில் பொடி எழுத்தைத் தடவிக் காட்டினான். பசியுள்ள சாமான்களெல்லாம் பன்னிரண்டு வோல்ட் வயரில்தான் சாப்பிடுகின்றன. அந்த வயரில் என் டப்பா கொடுப்பது பன்னிரண்டே ஆம்பியர். பெருக்கினால் நூற்று நாற்பத்து நாலு வாட்ஸ். மற்ற நேரம் எப்படியோ சமாளித்திருக்கிறது. ரோஜாப்பூ கொட்ட ஆரம்பித்ததும் கார்டு முழு மூச்சில் இழுக்க, டப்பா படுத்துவிட்டது.

அந்த வயரில் இருபத்தாறு ஆம்பியர் தரும் ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்தான். நானூறு வாட்ஸ்தான். அதையும் திறந்து பார்த்த பிறகே மாட்டவிட்டார் பெண்ணின் அப்பா.

வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் இல்லை. பத்தரைக்குத்தான் வந்தது, நாள்காட்டிப்படி ராகு காலமும் அப்போதுதான் தொடங்கியது. அவர் நாள்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போடுங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

எழுபதாவது நிமிஷம் மேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்தார்.  ரோஜா இதழ்கள் நான்கு மூலையிலிருந்தும் சுழன்று வந்து திரையை மூடின, விலகின. மணப்பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

அவர் திரைக்குக் கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தார். “கட்டுனது தெரியலீங்களே. பூவுதான் தெரியுது.”

உண்மைதான். அத்தனை நாளில் ஒரு தடவைகூட முழுதாக ஓடாததால் எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் போவதிலிருந்து மூன்றாவது முடிச்சு வரை, எல்லாம் பூவுக்குப் பின்னால் நடந்து முடிந்திருந்தது. பூவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். பூ இல்லாமல் அந்தப் படம் பழைய டப்பாவிலேயே ஓடியிருக்கும் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அவருக்கு டி.வி.டி.யில் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன். துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீ குடிக்கக் கூப்பிட்டும் வராமல், ஐந்து மணிப் பழநி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்த அக்கா மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசினாரோ, கடைசிவரை எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு வளைகாப்புக்கு வீடியோ எடுக்க அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. போய் எடுத்துக் கொடுத்தேன். வளையல் போடும்போது எந்த எஃபெக்ட்டும் வைக்கவில்லை.