துபாயில் எந்தப் பக்கம் நல்லது?

இன்று காலை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர டிராமில், போன வாரம் துபாயில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. "தம்பி, அது துபாய்தானே? அங்க எந்தப் பக்கம் நல்லது?" என்று கேட்டார்.

எனக்கு உற்சாகம். "மெரினா பக்கம் செம ஸ்டைலா இருக்கும்க்கா. ஜுமேராவுல பீச். ஈவினிங் ஃபவுண்டன் ஷோ மிஸ் பண்ணிடாதீங்க."

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"என்ர தங்கச்சி ஊரில இருந்து வாறாள். அகதிப் பாஸ்போட்டோட நான் ஊருக்குப் போக ஏலாது. அவளுக்கு இங்க விசா குடுக்கேல்லை. அதுதான் நடுவில துபாய். நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்க அவள் பள்ளிக்கூடப் பிள்ளை."

"அப்ப நல்ல ஹோட்டலா பாருங்கக்கா."

"ஹோட்டல் இருக்கு தம்பி. ஆனா கண்ட உடன ரெண்டு பேரும் கத்தி அழுவம். சனம் பாக்காத இடம் ஒண்டு சொல்லுங்கோ."

படங்களை மறுபடி முதலிலிருந்து தள்ளினேன். பழைய தெரு, கடற்கரை, பாலைவன முகாம். எல்லாவற்றிலும் யாரோ கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். சிலவற்றில் அது நானேதான்.

அதற்குள் அவர் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது. அவருடைய கைபேசி எண்ணை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

துபாயில் இருப்பவர்கள், அப்படி ஓர் இடம் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.

ஸ்டைலாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.