எல்லோருக்கும் முதல் வரிசை

தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்ப்பவனை, நெட் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. நின்றால் ஊருக்கே தெரியும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

ஒல்லி இணைப்பு

2010-இல் ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருந்தேன். அத்தனை பேருக்கும் ஒரே ஒல்லி இணைப்பு. அதை மூன்று வரிசையாகப் பிரித்தேன். முதல் வரிசைக்குப் பாதி; மீதி மற்ற இரண்டுக்கும். ஒன்றின் பங்கை இன்னொன்று தொட முடியாது.

முதல் வரிசை டெஸ்பாட்ச்சுக்கு மட்டும். லாரியில் போகும் சரக்கின் விவரத்தை கார் கம்பெனியின் வெப்சைட்டில் ஏற்றினால்தான் அங்கே கேட் திறப்பார்கள். டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் ஏழுமலை, வடக்குப்பட்டுக்காரர், முதல் நாளே சொல்லிவிட்டார்: “சரக்கு போவாம அவன் கார் லைன் நின்னுச்சின்னா என் சீட்டு கிழிஞ்சிடும். பாத்துக்கோ சார்.”

சிபாரிசு

எனக்கோ ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது. பயோடேட்டா இறங்கவில்லை என்று எச்.ஆர். மேடம் வந்தார், முதல் வரிசை. பிளான்ட் மேனேஜரின் வீடியோ மீட்டிங், கேட்கவே வேண்டாம். இரண்டே வாரத்தில் செக்யூரிட்டி ரூம் வரை எல்லோரும் முதல் வரிசை. கடைசியாக வந்தவர் கேன்டீன்காரர்: “எத்தனை சாப்பாடுன்னு மெயில்லதான் வருது. பசிக்கு அப்புறந்தானே தம்பி மத்ததெல்லாம்?”

கேட்டில் லாரி

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஏழுமலை வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். லாரி அங்கே கேட்டில் நிற்கிறது, விவரம் ஏறவில்லை, அவர்களிடம் இன்னும் அரைமணி நேரத்துக்குத்தான் சரக்கு. மேனேஜரின் மீட்டிங்கைத் துண்டிக்க எனக்குத் தைரியம் இல்லை. வரிசைகளைத் திரையில் திறந்தேன்.

ஏழுமலை என் திரையை எட்டிப் பார்த்தார். “மூணாவது இன்னா சார், ஈ ஓட்டிக்கினு கீது?”

“அது கடைசி வரிசை. யாருக்கும் வேண்டாமாம்.”

“குன்றத்தூர்ல கிருத்திகையன்னிக்கு ஸ்பெஷல் டிக்கெட் எடுத்தவன்லாம் வெயில்ல நின்னுகினு இருந்தான். நான் தர்ம தரிசனத்துல பூந்து, சாமி பாத்துட்டு வூட்டுக்கே பூட்டேன். என்னைக் கடைசில போடு சார்!”

கேட் திறந்தது

போட்டேன். இரண்டே நிமிடம், ஏறிவிட்டது. கேட் திறந்ததாக டிரைவர் போன் செய்ததும் ஏழுமலை அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாருக்காக வரிசை போட்டேனோ அவரையே நெரிசலில் தள்ளியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்: “டெஸ்பாட்ச்சுக்கு மட்டும் எப்படிய்யா பறக்குது? ஏழுமலை சொன்ன அந்த மூணாவதுல என்னையும் போடு.”

வரிசை போடுவது சுலபம் அன்பர்களே. எது முதல் வரிசை என்று வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.