இன்று வீட்டைச் சோதிக்கப் போனோம்

ஆம்பூரில் நான் வாங்க நினைத்திருக்கும் வீட்டைச் சோதிக்க இன்று ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போனேன்.

சுவரைத் தட்டினார், மொட்டைமாடியில் விரிசல் தேடினார். "ஸ்ட்ராங்காதான் கட்டியிருக்காங்க" என்றார்.

வீட்டுக்கார அம்மா குடிக்கக் கேன் தண்ணீர் கொண்டுவந்தார்.

"டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் போர் தண்ணி குடுங்கம்மா" என்றார் இன்ஜினியர்.

"அத இன்னாத்துக்கு சார் டெஸ்ட் பண்றீங்க? தோல் கம்பெனி கழிவு தண்ணி எறங்கி ரொம்ப வருஷமாச்சு. செடிக்குக்கூட ஊத்தறதில்ல."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் சுவர், கூரை, கழிவறை எல்லாம் இருந்தன. தண்ணீரை எழுதவே இல்லை.

டம்ளரைக் காலி செய்துவிட்டு, சமையலறையில் கேன் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மூன்று வைக்கலாம். உங்கள் வீட்டில் எத்தனை?